கேட்டின் மூன்றாவது ஆள்

பெரம்பலூர்
9.1.2000

அன்பு மகள் வெற்றிச்செல்விக்கு அப்பா ஆசி கூறி எழுதுவது. நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் வலி பனி விலகினால் குறையும் என்று டாக்டர் சொல்கிறார். பொங்கலுக்கு நீங்கள் வர இயலாது என்று குன்னத்திலிருந்து உன் மாமியார் பொன்னாயி அக்கா சொல்லிவிட்டாள். மகனும் மருமகளும் இல்லாத பொங்கல் அவளுக்கும்தானே. ரயில்வே கேட்டை விட்டு மாப்பிள்ளை வர முடியாது என்பது எனக்குத் தெரியாததா? வருத்தமில்லை.

ஒரு சங்கடத்தில் மாட்டிக்கொண்டேன். உங்கள் கேட் கீப்பர் சங்கத்தின் தலைவர் காசிநாதன் பஸ் ஏறி வந்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார். "ஐயா, ரயில்வே ஆபீஸ்ல முப்பது வருசம் பேனா புடிச்சவரு நீங்க. நம்ம சங்கத்துக்கு ஒரு வரலாறு எழுதிக் குடுங்க, மாநாட்டு மலர்ல போடணும்" என்றார். எனக்குப் பென்ஷன் இருக்கிறது, வம்பு வேண்டாம் என்றேன். "உங்க பேரையா போடப்போறேன்? 'ஒரு நண்பர்'னு போட்டுக்கிறேன். நண்பருக்கு யாரும் பென்ஷனை நிறுத்த முடியாதுல்ல?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் மறுக்கத் தெரியாமல் ஒப்புக்கொண்டேன்.

வெளியாருக்கும் புரியவேண்டும் என்பதால் இப்படித் தொடங்கியிருக்கிறேன். சரியா என்று பார்: 'ரயில் வருமுன் ஸ்டேஷனிலிருந்து கேட்டுக்குப் போன் வரும். கேட் கீப்பர் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு, தம்மிடம் உள்ள தாளிலிருந்து ஓர் எண்ணைப் படிப்பார். அந்த நம்பர்தான் கேட் மூடியாயிற்று என்பதற்கு அவர் தரும் வாக்கு. அதை நம்பித்தான் ரயில் வருகிறது.'

மாப்பிள்ளையோடு மாற்று டியூட்டி பார்க்கும் அமாவாசை ஆரம்ப கால உறுப்பினராமே. பழைய சங்கதிகளைக் கேட்டு எழுது. கிணற்றடியில் வழுக்கும், பார்த்து நட.

இப்படிக்கு,
அன்பு அப்பா
இராமலிங்கம்


ஆலங்கேணி கேட், அரியலூர் வழி
30.1.2000

அன்புள்ள அப்பாவுக்கு செல்வி எழுதுவது. நாங்கள் இருவரும் சௌக்கியம். அம்மாவுக்கு நொச்சி ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிய தொடக்கம் நன்றாக இருக்கிறது. அவரிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே எழுந்து கேட்டுப் பக்கம் போய்விட்டார்.

அமாவாசை அண்ணனிடம் கேட்டேன். வரலாறு என்றதும் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு நிறுத்த முடியவில்லை. கேட் கீப்பர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடவே முடியாதாம் அப்பா. பாதிப்பேர் எப்போதும் கேட்டில் நிற்க வேண்டுமே. அதனால் ஒரே பொதுக்குழுவைக் காலையில் ஒருதரம், மாலையில் ஒருதரம் என்று இரண்டு தடவை நடத்துவார்களாம். ஒரு வருஷம் காலைக் கூட்டம் அமாவாசை அண்ணனைத் தலைவராக்கிவிட்டது. மாலைக் கூட்டம் வேம்பு என்பவரை ஆக்கிவிட்டது. இரண்டு பேரும் ஒரே கேட்டில் மாறி மாறி டியூட்டி பார்த்தவர்கள்! "அப்பறம் என்னண்ணே பண்ணீங்க?" என்றேன். "என்ன பண்றது? டியூட்டி மாறும்போது பச்சைக்கொடி செவப்புக்கொடியோட தலைவர் பதவியையும் சேத்துக் குடுத்துட்டுப் போவேன். மறுநா திருப்பிக் குடுப்பான். ரெண்டு வருசம் ஒரு சண்டை கெடையாது" என்றார். இதை அவசியம் எழுதுங்கள்.

இங்கே சிமெண்ட் லாரிகள் முன்னைவிட அதிகம். எறையூர் ஆலைக்குப் போகிற கரும்பு வண்டிகளும் சேர்ந்துவிட்டன. ஸ்டேஷன் மாஸ்டர் சார் தங்கமானவர். "தங்கச்சி, இன்னிக்கு கூட்ஸ் லேட்டு, நீ செத்த கண்ணசரு" என்பார். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உங்கள் மகள்
செல்வி


பெரம்பலூர்
8.2.2000

செல்விக்கு அப்பா ஆசியுடன். அம்மாவுக்கு நொச்சி ஒத்தடம் இதமாக இருக்கிறதாம். இரண்டு தலைவர்கள் கதையைப் படித்து அம்மாவும் நானும் சிரித்தோம்.

ஆனால் ஒன்று மனதை உறுத்துகிறது. ஒருவேளை நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம். கூட்ஸ் தாமதம் என்று ஸ்டேஷன் மாஸ்டர் உன்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? அந்தப் போனை நீ ஏன் எடுக்கிறாய்? மாப்பிள்ளை கைகழுவப் போன நேரமாக இருந்திருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதுதானே?

சங்கம் பிறந்த விதத்தைக் காசிநாதன் சொன்னார். எழுதியும் விட்டேன். குழந்தைவேல் என்று ஒரு கேட் கீப்பர். காய்ச்சலில் படுத்த நாளில் அவர் மனைவி இருசம்மாள் கேட்டை மூடித் திறந்திருக்கிறாள். தண்டவாள டிராலியில் வந்த அதிகாரி பார்த்துவிட்டார். குழந்தைவேலுக்கு வேலை போயிற்று. பெரிய சங்கங்களிடம் போய் நின்றபோது, "கேட்டுக்கு ஒரு சங்கம் வேணுமா? அப்பறம் கொடிக்கு ஒண்ணு, விளக்குக்கு ஒண்ணுன்னு கெளம்புவீங்களா?" என்று கேலி செய்து அனுப்பினார்களாம். அந்த ஆத்திரத்தில் பதினாலு பேர் கூடி ஆரம்பித்ததுதான் உங்கள் சங்கம். குழந்தைவேலுக்கு மட்டும் வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை.

இன்னொரு சேதி. பன்னிரண்டு மணி நேர டியூட்டியை எட்டாக்கி, கேட்டுக்கு மூன்று பேர் போடக் கேட்டு காசிநாதன் வந்த அன்றே சங்கத்தின் பெயரில் நான் எழுதிக்கொடுத்த மனுவை ரயில்வே ஏற்றிருக்கிறது. ஓர் இன்ஸ்பெக்டர் வந்து மூன்று நாள் இரவும் பகலும் கேட்டிலேயே உட்கார்ந்து, யார் எவ்வளவு நேரம் வேலை செய்கிறார்கள் என்று எழுதுவார். வேலை அதிகம் என்று தெரிந்தால் மூன்றாவது ஆள் கிடைப்பார். முதல் ஆய்வே ஆலங்கேணி கேட்டில்தான்.

உடனே பதில் போடு.

அப்பா


பெரம்பலூர்
20.3.2000

செல்விக்கு. உன் பதில் வரவில்லை. தபால் தவறிவிட்டதோ என்று போஸ்ட் ஆபீஸில் விசாரித்தேன். உடம்புக்கு ஏதாவதா? மாப்பிள்ளைக்கு ஏதாவதா?

காலையில் பேப்பர் வந்ததும் ரயில் செய்தி உண்டா என்று எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காபியைத் தொடுகிறேன். ரயில் இல்லாத ஊர் என்றுதான் ஓய்வுக்குப் பின் பெரம்பலூரில் வந்து உட்கார்ந்தேன். இருந்தும் என்ன? உறக்கத்தில் லாரி ஹாரன் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அம்மா திட்டுகிறாள்.

நலம் என்று ஒரு வரி போதும்.

அப்பா


ஆலங்கேணி கேட்
2.4.2000

அன்புள்ள அப்பாவுக்கு. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுதாதது என் தப்பு. குழந்தைவேல் கதையைப் படித்தபிறகு பேனா ஓடவில்லை. இவரிடம் அந்தக் கடிதத்தைக் காட்டவில்லை.

நீங்கள் கேட்டதற்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் இரவு ஹாரன் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அவர் போன் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கேட் திறந்தே கிடந்தது. தண்டவாளத்தின்மேல் கரும்பு லோடு நகர்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் வெளிச்சம். எப்படி ஓடி வண்டிக்காரரைச் சீக்கிரம் கடந்துபோகச் சொல்லி கேட்டை இறக்கினேன் என்று எனக்கே தெரியவில்லை. ரயில் போனபிறகு அவரை எழுப்பி, ஸ்டேஷனிலிருந்து போன் வரலையா என்றேன். வரலை என்றார். தாளைப் பார்த்தேன். நம்பர் கொடுத்ததற்கு அடையாளமாக அதைக் கோடு போட்டு அடித்து வைத்திருக்கிறார். தூக்கத்திலேயே போனை எடுத்து, தூக்கத்திலேயே நம்பர் படித்து, தூக்கத்திலேயே வைத்திருக்கிறார். வருஷக்கணக்காகச் செய்து செய்து கை பழகிவிட்டது அப்பா. கேட்டை மூட மட்டும்தான் முழித்திருக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு அவர் அழுததை நீங்கள் பார்த்ததில்லை. பார்க்கவும் வேண்டாம். அதிலிருந்து அவருக்கு இரவு முறை வரும் வாரங்களில் பாதி இரவுக்குமேல் நான்தான் நிற்கிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் சாருக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருக்கிறார்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

செல்வி


பெரம்பலூர்
5.4.2000

செல்வி, அம்மா எழுவதற்குள் எழுதுவதால் எழுத்து சரியாக இல்லை. பொறுத்துக்கொள்.

கோபமில்லையம்மா. பயம்தான். நீ நிற்காத இரவில் என்ன ஆகும் என்று பயம். நீ நிற்கும் இரவில் யாராவது பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று பயம். நீ இருக்கும்போதே ஏதாவது நடந்தால் போலீஸ் உன்னைத்தான் கேட்கும். ரயில்வேயில் உன் பெயர் எந்தத் தாளிலும் கிடையாது.

எல்லாவற்றையும் ஒழுங்காக யோசித்துப் பார்க்க உட்கார்ந்தேன். இன்ஸ்பெக்டர் இருக்கும் மூன்று நாளும் நீ ஒளிந்து உதவி செய்தால், வேலை குறைவு, இரண்டு பேரே போதும் என்று எழுதிவிடுவார். பிறகு எந்தக் காலத்திலும் மூன்றாவது ஆள் வரமாட்டார். நீ உதவாமல் வீட்டுக்குள் இருந்தால், மாப்பிள்ளை அவர் கண்முன்னால் தூங்கிவிடுவார். வேலை போகும். அதைவிட மோசமாகவும் ஏதாவது நடக்கலாம். எப்படிப் போட்டாலும் கணக்கு தப்பாகவே வருகிறது. இந்த மனுவை எழுதியவன் நான். என் மகள் வீட்டுக்கே நெருப்பு வைத்துவிட்டேனோ என்று தோன்றுகிறது.

ஆய்வைத் தள்ளிவைக்கச் சொல்லி காசிநாதனுக்கு எழுதிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

அப்பா


அரியலூர்
14.4.2000

மரியாதைக்குரிய ஐயா அவர்களுக்கு காசிநாதன் வணக்கம். வீட்டில் அம்மா கால்வலி தேவலையா? உங்கள் கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு என் வீட்டுக்காரி, "ஐயாவுக்கு யாரோ சூனியம் வச்சுட்டாங்க போல" என்கிறாள்.

ஆய்வைத் தள்ளிவைக்கச் சொல்கிறீர்கள், காரணம் எழுதவில்லை. உங்கள் மனுவைப் படித்துவிட்டு ஆபீஸில் ஒரு சார், "யாருய்யா இது, ரூல் எல்லாம் தலைகீழா ஒப்பிக்கிறாரு?" என்று கேட்டார். 'ஒரு நண்பர்' என்றேன்! ஐயா, இருபது வருஷத்தில் நம் சங்கத்துக்கு எவனும் ஒரு நாற்காலி போட்டதில்லை. முதல்முறையாக இன்ஸ்பெக்டரையே அனுப்புகிறார்கள். இப்போது வேண்டாம் என்றால் நம்மைக் கேட் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் திறக்கவே மாட்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளை வீரமணி தம்பி நல்ல உழைப்பாளி. அவனுக்கு ஏதும் இடைஞ்சல் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். சொல்ல முடியாத காரியம் என்றால் சொல்ல வேண்டாம். மே முதல் வாரம் இன்ஸ்பெக்டர் வருகிறார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசிநாதன்


ஆலங்கேணி கேட்
11.5.2000

அன்புள்ள அப்பாவுக்கு. நாங்கள் உயிரோடு நன்றாக இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டர் வந்து போய்விட்டார். நல்ல மனிதர், கண்ணாடி போட்டவர், வெயிலில் ரொம்ப அவதிப்பட்டார். முதல் இரவு இவர் முகத்தில் தண்ணீர் அடித்து அடித்து முழித்திருந்தார். நான் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் இரவும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். போன் அடித்தது. இவர் எடுத்து நம்பர் சொல்வது காதில் விழுந்தது. போனை வைத்தார். கேட் இறங்குகிற சத்தத்துக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

கதவைத் திறந்து பார்த்தால், இவர் கண் மூடியிருக்கிறார். இன்ஸ்பெக்டர் குனிந்து, 'நம்பர் கொடுத்தார்' என்று எழுதிக்கொண்டிருக்கிறார். லாரிகள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

ஓடிப்போய் லாரிகளை மறித்துக் கேட்டை இறக்கினேன். ரயில் போயிற்று. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். அவர் கையிலிருந்த பேனா கீழே விழுந்துவிட்டது.

"ஏம்மா, நீ யாரு?"

"மூணாவது ஆளு சார்."

"ரெண்டு பேருன்னுதானே இருக்கு?"

"ஆபீஸ்ல ரெண்டு சார். கேட்டுல மூணு. எழுதிக்குங்க."

"எழுதினா உன் வூட்டுக்காரர் வேலைக்கு ஆபத்து. தெரியுதா?"

"எழுதலைன்னா லாரியில போற யாருக்காச்சும் ஆபத்து சார்."

அவர் கீழே குனிந்தார். பிறகு பேனாவை எடுத்துத் துடைத்து எழுதினார். அதற்கப்புறம் மூன்றாம் நாள் முடியும்வரை நான் ஒளியவில்லை. நான் செய்ததையெல்லாம் எழுதிக்கொண்டார்.

பேசும்போது தைரியமாகத்தான் இருந்தேன். பிறகு வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்ததும் பல் கிட்டிக்கொண்டது. குழந்தைவேல் பெண்டாட்டி இருசம்மாளையே நினைத்துக்கொண்டிருந்தேன். இவர் என்னோடு பேசி நான்கு நாளாகிறது.

செல்வி


ஆலங்கேணி கேட்
3.7.2000

மாமா அவர்களுக்கு வீரமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. மாமா, அத்தை சுகமா? கல்யாணம் ஆனதிலிருந்து நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுவாக இருப்பது வெட்கமாக இருக்கிறது.

கேட்டுக்கு மூன்றாவது ஆள் கொடுக்க உத்தரவாகிவிட்டதாம். எனக்குக் குற்றச்சாட்டுத் தாளும் வந்துவிட்டது. டியூட்டியில் உறங்கினேன், வெளியாளை வேலை செய்யவிட்டேன் என்று இருக்கிறது. இரண்டும் உண்மைதான். விசாரணை ஆகஸ்டில். எனக்காகப் பேச ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமாம். உங்கள் பெயரைப் போடச் சொல்லி காசிநாதன் அண்ணன் ஒற்றைக் காலில் நிற்கிறார். "ஐயாவால முடியுமா?" என்று கேட்டேன். "பயந்தவன்தாண்டா ரூலை ஒழுங்காப் படிச்சிருப்பான்" என்கிறார்.

உங்களுக்குத் தொந்தரவு என்றால் வேண்டாம் மாமா. செல்வியைக் கேட்டேன். எங்க அப்பாவைக் கேக்காதீங்க, அவருக்கு ராத்திரி தூக்கம் போயிடும் என்றாள். அவளோடு முன்போல் பேசுகிறேன். என்மேல்தான் எனக்குக் கோபம்.

வீரமணி


பெரம்பலூர்
25.8.2000

செல்விக்கும் மாப்பிள்ளைக்கும் ஆசி. விசாரணை முடிந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் குமட்டியதைத் தவிர வேறு கோளாறு இல்லை. விசாரணையில் மாப்பிள்ளை என் பக்கத்திலேயே இருந்தாலும், என் வாயால் உனக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

இருபது கேள்விகள் எழுதிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்ததும் பத்தொன்பது மறந்துபோயின. தாளைப் பார்க்கலாம் என்றால் மூக்குக்கண்ணாடியைப் பஸ்ஸில் விட்டிருக்கிறேன். நினைவில் நின்ற ஒன்றை மட்டும் இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன்: "ஆலங்கேணிக்கு மூன்றாவது ஆள் கொடுக்க உத்தரவாகியிருக்கிறதே, உங்கள் ஆய்வில் எழுதிய வேலையை எல்லாம் கூட்டித்தானே?" விசாரணை அதிகாரி, "சத்தமாச் சொல்லுங்க பெரியவரே, காதுல விழலை" என்றார். மறுபடி கேட்டேன். இன்ஸ்பெக்டர், ஆமாம் என்றார். "அதில் என் மகள் செய்த வேலையும் சேர்ந்திருக்கிறதா?" என்றேன். இதையும் இரண்டு தரம் கேட்க வேண்டியிருந்தது. "சேர்ந்திருக்கு. அது இல்லாட்டி மூணாவது ஆளுக்குக் கணக்கு வராது" என்றார்.

அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். "அப்ப அவங்க செஞ்ச வேலையை ஏத்துக்கிட்டோம். செஞ்சதுக்குத் தண்டனையும் குடுக்கணுமாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது சாதகமா பாதகமா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அதற்குமேல் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நன்றி ஐயா என்று உட்கார்ந்துவிட்டேன். வேறு யாராவது போயிருந்தால் நன்றாகப் பேசியிருப்பார்கள்.

குழந்தைவேலுக்கு ஆனது நமக்கு ஆகாது என்று எழுத ஆசை. ஆனால் தெரியாததை எழுத எனக்குக் கை வராது.

அப்பா


ஆலங்கேணி கேட்
12.11.2000

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் செல்வி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மழை நன்றாகப் பெய்கிறது.

உத்தரவு வந்துவிட்டது. வேலை போகவில்லை அப்பா. வேலை போகவில்லை. இரண்டு முறை எழுதிவிட்டேன், நீங்கள் ஒருமுறை படித்தால் நம்பமாட்டீர்கள் என்று. இரண்டு வருஷத்துக்குச் சம்பள உயர்வு இல்லை. இவரை வேறு கேட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். இவர் அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். அப்புறம், "மாமாவுக்கு மொதல்ல எழுது" என்றார்.

இவருடைய இடத்துக்கு ஒருவர், மூன்றாவது ஆளாக ஒருவர் என்று புதிதாக இரண்டு பேர் வந்துவிட்டார்கள். இனி இந்தக் கேட்டில் எட்டு மணி நேரம்தான். காசிநாதன் அண்ணன் லட்டு வாங்கிவந்து லாரிக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரு டிரைவர், "என்னண்ணே, கேட்டுக்குக் கல்யாணமா?" என்று கேட்டான். "இல்லப்பா, தூக்கம் வந்திருக்கு" என்றார் அமாவாசை அண்ணன்.

நாங்கள் சாமான் கட்டிக்கொண்டிருக்கும்போது மூன்றாவதாக வந்தவரின் மனைவி உள்ளே வந்தாள். பிரவீணா என்று பெயர். கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. போனையும் நம்பர் தாளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "அக்கா, இதெல்லாம் நானும் கத்துக்கணுமா? ராத்திரி முழிச்சிருக்கணுமாமே?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது.

"வேணாம்டி. நீ போய்ப் படு" என்றேன்.

நாளைக் காலையில் கிளம்புகிறோம். புதுக் கேட் குவாரி ரோட்டின்மேல் இருக்கிறது. இதைவிட லாரி அதிகமாம். அங்கே பன்னிரண்டு மணி நேரம், இரண்டு பேர்தான்.

இன்ஸ்பெக்டர் அங்கே எப்போது வருவார் என்று காசிநாதன் அண்ணனிடம் கேட்டு எழுதுங்கள். அதுவரைக்கும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மகள்
செல்வி